கடைசித் துண்டைத் தின்ற சட்டமன்ற உறுப்பினர்

நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் ஓர்ஃபா லீனுடைய இடது கால் நகங்களை வெட்டி முடித்து, வலது காலை வெந்நீரிலிருந்து எடுத்துத் துடைத்து மடியில் வைத்துக்கொண்டு, பெருவிரலில் நகவெட்டியைப் பொருத்தினேன். அப்போது கதவு வழியாக ஒரு கை உள்ளே வந்தது. கை மட்டும்தான். ஆள் பிறகு வந்தார்.

மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் என்னும் உயிரினத்தை அடையாளம் காண இதுதான் வழி. கை முன்னால் வரும், சிரிப்பு அதைத் தொடரும், மனிதர் வந்து சேரக் கொஞ்சம் நேரமாகும். என் கையில் நகவெட்டி. ஓர்ஃபாவின் கைகள் போர்வைக்குள். நீட்டிய கையை வெறுமனே மடக்கிக்கொள்ள இந்த இனத்துக்குத் தெரியாது. ஆகவே எங்கள் உறுப்பினர் வெர்லின் டோஸ்ட்ருட், ஓர்ஃபாவின் வலது காலைப் பிடித்துக் குலுக்கினார்.

"எப்படி இருக்கீங்க ஓர்ஃபா?"

"மோசமில்ல. ஓட்டு போடுற கை போர்வைக்குள்ள இருக்கு."

வெர்லின் பிறவியிலேயே இப்படி இல்லை. யாரும் பிறவியில் இப்படி இல்லை. ஒரு வசந்தத்தில் அவருடைய வயலோரக் கால்வாய் பொங்கி விதைத்ததையெல்லாம் அடித்துக்கொண்டு போக, பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்தில் நடந்த கூட்டத்தில் எழுந்து நின்று கத்தினார். கத்தியவரையே தேர்தலில் நிற்க வைத்தோம். "ஒரே ஒரு தடவை போயிட்டு வந்துடறேன்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டுத் தலைநகருக்குப் போனார். போனவர் அங்கே மணிக்கட்டு வலிக்காமல் கையசைக்கவும், ஊர்வல வண்டியிலிருந்து மிட்டாயைக் குழந்தைகளின் தலையில் படாமல் எறியவும், கேள்வி கேட்டவரின் தோளைத் தட்டியபடியே அடுத்தவரிடம் நகரவும் கற்றுக்கொண்டார். மாநிலத்துக்கென அதிகாரபூர்வமான சூப் ஒன்றை அறிவிக்கும் சட்டத்தை ஒரே கூட்டத்தொடரில் நிறைவேற்றினார். கால்வாய் இன்றும் பொங்குகிறது.

சூப்புக்குக் கிடைத்த வேகம் எங்கள் முதியோர் இல்லத்துக்குக் கிடைக்கவில்லை. மாநில உதவி வராவிட்டால் கோடையில் இல்லத்தை மூடிவிடுவதாக மாவட்ட நிர்வாகம் சொல்லிவிட்டது. மூடினால் ஓர்ஃபாவை நகரத்துக்கு அனுப்புவார்கள். அங்கே அவளுக்கு எந்தப் பக்கம் படுத்தால் மூச்சு முட்டும் என்று யாருக்கும் தெரியாது. உதவிக்கான மசோதா தலைநகரில் கிடந்தது. மார்ச் முதல் வாரத்துக்குள் சட்டமன்றக் குழு விசாரிக்காவிட்டால் அது செத்துப்போகும். அன்று பிப்ரவரி கடைசி ஞாயிறு.

"மசோதா என்னாச்சு வெர்லின்?"

"குழுவில இருக்கு ஆர்டிஸ். கண்ணும் கருத்துமா பாத்துக்கிட்டே இருக்கேன்."

"ரொம்ப நல்லது" என்றேன். அவ்வளவுதான். நாங்கள் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்துக்காரர்கள். ஒரே கேள்வியை இரண்டாம் முறை கேட்பது எங்களுக்கு அடுத்தவர் வீட்டு அலமாரியைத் திறந்து பார்ப்பது மாதிரி. அவர் அடுத்த அறைக்கு நகர்ந்தார். ஓர்ஃபாவின் கால் இதற்குள் சில்லிட்டிருந்ததால் காலுறையை மாட்டிவிட்டு, "மிச்சத்த அப்புறம் பாத்துக்கலாம்" என்றேன்.

மாலையில் தேவாலயத்தின் அடித்தளக் கூடத்தில் மீன் விருந்து. சாம்பல் கரைத்த நீரில் ஊறி, கரண்டி பட்டால் நடுங்கும் அந்த மீன் யாருக்கும் பிடிக்காது. எல்லாரும் வருவோம். சட்டமன்ற உறுப்பினர் ஒரே நாளில் மூன்று தேவாலயங்களில் சாப்பிட்டு, மூன்றிலும் "இந்த வருஷத்தோட முதல் வாய் இதுதான்" என்பார். மூன்றிலும் நம்புவோம்.

பிறகு எலுமிச்சைக் கேக் வந்தது. கடைசித் துண்டு தட்டில் தங்கியது. எங்கள் ஊரில் கடைசித் துண்டை யாரும் எடுப்பதில்லை. ஒருவர் பாதியை வெட்டி எடுப்பார். அடுத்தவர் மீதியில் பாதி. அதற்கடுத்தவர் அதில் பாதி. கடைசியில் நகம் அளவுக்கு ஒன்று நின்றது. அதைச் சுற்றி மரியாதை நின்றது. வெர்லின் சூப்பைப் பற்றிப் பேசிக்கொண்டே கையை நீட்டினார். குலுக்க ஆள் இல்லை. கேக்கை எடுத்தார், வாயில் போட்டார்.

எல்லாருடைய கண்ணும் காலித் தட்டுக்குப் போனது.

"அதனால என்ன" என்றாள் சமையலறைப் பொறுப்பாளர் இனா. எங்கள் ஊரில் இதைவிடக் கடுமையாகத் திட்ட முடியாது.

சக்கர நாற்காலியிலிருந்து ஓர்ஃபா குரல் கொடுத்தாள். ஞாயிறு வேத வகுப்பில் வெர்லினுக்கு மூக்குத் துடைத்துவிட்டவள் அவள். "டேய் வெர்லின், கடைசித் துண்டத் தின்னவன் தட்டக் கழுவணும். மறந்துட்டியா?"

"ஒரு தட்டுதானே?"

"நீ ஒண்ணோட நிறுத்துற ஆளா?"

கழுவப் போனார். முழங்கைவரை சோப்பு நுரை. நான் துடைத்தேன், இனா அடுக்கினாள். அப்போதுதான் எனக்குப் புலப்பட்டது: இந்த உயிரினம் கையால்தான் தப்பிக்கிறது. ஒரு கையால் குலுக்கி, மறு கையால் தோளைத் தட்டி நகர்ந்துவிடும். இப்போது இரண்டு கையும் தொட்டிக்குள். நகர வழியில்லை. நான் இரண்டாம் முறை கேட்டேன்.

"வெர்லின், மசோதாவ எப்ப விசாரிப்பாங்க?"

"அது குழுத் தலைவர் முடிவு பண்றது ஆர்டிஸ். நம்ம கையில இல்ல."

"தலைவர் யாரு?"

அவர் ஒரே தட்டை மறுபடியும் கழுவினார். "நல்ல மனுஷன்தான்."

"பேரு?"

"நான்தான்."

இனாவின் கையிலிருந்து கரண்டிகள் விழுந்தன. "உங்கள நீங்களே கேக்கலையா?"

"எப்படிக் கேக்கறது இனா? எல்லா ஊர் மசோதாவும் வரிசையில நிக்குது. எங்க ஊருக்குன்னு நானே எடுத்துப் போட்டா பேராசை மாதிரி இருக்காதா? யாராவது கேக்கட்டும்னு விட்டுட்டேன். யாரும் கேக்கல."

வாசலில் ஓர்ஃபா நாற்காலியோடு வந்து நின்றிருந்தாள். "அங்க எடுக்க வேண்டிய துண்ட விட்டுட்டு வந்து, இங்க விட வேண்டியதத் தின்னியாடா?"

வெர்லின் குனிந்து தேய்க்கத் தொடங்கினார். தட்டுகள் பளபளத்தன.

இதைப் படித்துச் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் வீட்டில் ஒழுகும் குழாயைப் பற்றிக் கேட்டபோது, "பாத்துக்கிட்டே இருக்கேன்" என்று சொன்னது யார்? அந்தக் குழுவுக்குத் தலைவர் யார் என்று ஒரு தடவை விசாரித்துப் பாருங்கள். தெரிந்த முகமாக இருக்கலாம்.

மறுநாள் காலை, தலைநகருக்குக் கிளம்பும் வழியில் வெர்லின் இல்லத்துக்கு வந்தார். வழக்கம்போல முதலில் கை. இந்த முறை ஓர்ஃபாவின் கை போர்வைக்கு வெளியே தயாராக இருந்தது. பிடித்தாள். குலுக்கினார். அவள் விடவில்லை.

"போன் போடு."

"வண்டியில போறப்ப போடறேன் ஓர்ஃபா."

"இடது கை சும்மாதானே இருக்கு?"

இடது கையால் போட்டார். மறுமுனையில் குழு அலுவலகத்தில் யாரோ எதையோ கேட்டிருக்க வேண்டும். "ஆமா, அந்த மசோதாவ வியாழக்கிழமைக்கே போடுங்க. தலைவரக் கேட்டாச்சு. ஒத்துக்கிட்டாரு" என்றார், முகம் முழுக்கச் சிவந்து. அதற்குப் பிறகுதான் அவருக்குக் கை திரும்பக் கிடைத்தது.

கார் போன பிறகு ஓர்ஃபா போர்வையை விலக்கி என்னைப் பார்த்தாள்.

"ஏன் ஆர்டிஸ், என் வலது காலு இன்னும் குழுவிலதான் இருக்கா?"

நான் வெந்நீர் எடுத்து வரப் போனேன்.