மங்கள முழம்

“டேப்பைக் கீழ போடுட்டி. நல்ல காரியத்துக்கு எவளாவது கணக்கா அளப்பாளா?”

வடிவம்மாள் போட்ட சத்தத்தில் அம்பாசமுத்திரம் மகளிர் பின்னல் அபிவிருத்தி மன்றத்தின் மின்விசிறியே ஒரு சுற்று தயங்கியது.

“மாப்ள வீட்ல மார்பு முப்பத்தெட்டு அங்குலம்னு சொல்லியிருக்காங்க, அத்தை. ரெண்டு அங்குலம் தளர விட்டாப் போதும்.” சித்ரலேகாவும் குரலை இறக்கவில்லை.

மானுட குலம் கண்ட அளவுகோல்களில் தலைசிறந்தது வடிவம்மாளின் முழங்கை. மார்கழியிலும் வியர்க்கிற ஊரில், கம்பளி பின்னக் கற்றுத்தர 1993-இல் மன்றம் கண்ட தலைவி அவர். அவர் அருளிய ‘விதிமுறைகள்’ சுவரிலேயே தொங்கின: கை வியர்த்தால் ஊசிக்கு முகப்பவுடர் பூசுக. சின்னத் துண்டு பின்னி அளந்து பார்த்த பிறகே பெரியதைத் தொடங்குக. ஒரு முழம் என்பது பதினெட்டு அங்குலம், அதாவது நாற்பத்தைந்து சென்டிமீட்டர். மங்கள காரியமென்றால் ஐம்பது.

அந்த ஐந்து, பூக்காரி போடுகிற கொசுறு மாதிரி.

டெல்லியில் வேலை பார்க்கும் கணேஷ்ராமின் அம்மா, பெண்ணின் கைவேலையைப் பார்த்துவிட்டுத்தான் தட்டு மாற்றுவேன் என்றிருந்தாள். போட்டோவில் இருந்த கணேஷ்ராமின் சிரிப்பு சித்ரலேகாவுக்குப் பிடித்திருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை; தெருவுக்கே தெரியும்.

ஆனால் மாப்பிள்ளை ஸ்வெட்டர் என்பது தனிநபர் விவகாரமா? ‘மன்றத்தின் மானம்’ அல்லவா? முதுகுக்கு வடிவம்மாள் முழம் போட்டு, கொசுறும் போட்டார். முன்பக்கத்துக்கு, செயலாளர் சங்கரி தன் பங்குக்குக் கொசுறு போட்டாள். கழுத்துக்கு, பொருளாளர் ஆறுமுகத்தாய் தாராளமாகவே போட்டாள். யாரும் யாரிடமும் சொல்லவில்லை. கொசுறு போட்டதைச் சொல்லிக் காட்டுவது அழகல்லவே.

சொன்னபடி பின்னினாள் சித்ரலேகா. முடித்து விரித்தபோது அது மன்றத்து மேசையை மூடி இருபுறமும் தொங்கியது.

“துவைச்சா சுருங்கும்,” என்றார் தலைவி.

பிரித்துப் பின்னச் சித்ரலேகா ஊசியை எடுப்பதற்குள் சங்கரி டெல்லிக்குப் பார்சல் அனுப்பிவிட்டாள்.

கணேஷ்ராம் போட்டுப் பார்த்த கதையைப் போனில் கேட்ட அவன் அம்மா, பாளையங்கோட்டையிலிருந்து பஸ் ஏறி வந்தாள். “எம் மவன் ஒத்த ஆளுதான். தெரியும்லா?” என்று கேட்டாள். சம்பந்தம் அங்கனயே முறிந்தது.

அடுத்த குளிர்காலத்தில் டெல்லியிலிருந்து ஊருக்கு ஒரு போட்டோ வந்தது. அதே ஸ்வெட்டர், ஒரே கழுத்துக்குள் இரண்டு தலைகள். இரண்டாவது தலை கணேஷ்ராமின் அலுவலகத்துக் கெசியாவுடையது. குளிரில் நடுங்கியவளுக்கு ஸ்வெட்டரில் பாதியைக் கொடுத்தானாம். கல்யாணமும் முடிந்துவிட்டதாம்.

மன்றம் உடனே கூடி மகிழ்ச்சித் தீர்மானம் நிறைவேற்றியது. “நம்ம அளவு சரிதான். அவிய ஆளைத்தான் கொறைச்சுச் சொல்லிட்டாவ,” என்று விளக்கினார் தலைவி.

கைதட்டல் ஓய்ந்ததும் சித்ரலேகா எழுந்தாள். “ஆளாளுக்குக் கொசுறு போட்டியளே, அத்தை. எனக்குள்ளதை எடுத்துல்லா போட்டிய.”

அந்தத் தையில் அவள் சிவகணேஷ் என்ற வேறொரு மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டு ஆழ்வார்திருநகரிக்குப் போனாள். மன்றத்தின் சீர் எதுவும் வேண்டாமென்று விட்டாள். டேப்பை மட்டும் கையோடு கொண்டுபோனாள்.

மன்றத்தில் அது இல்லாததை இதுவரை யாரும் கவனிக்கவில்லை.