ஏழாம் நம்பர் தொப்பி

மனைவிக்கு யோசிக்கக் கற்றுக்கொடுத்த மடையன் இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். வெளியே சொல்ல வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பேட்டை பிரிக்ஃபீல்ட்ஸ் முழுக்கத் தெரிந்த விஷயத்தை உங்களிடம் மட்டும் மறைத்து என்ன ஆகப்போகிறது?

எல்லாம் சர்க்கரையில் ஆரம்பித்தது. கிளினிக்கில் டாக்டர் என் ரிப்போர்ட்டைப் பார்த்தார். பிறகு என் தொப்பையைப் பார்த்தார். பிறகு என் மனைவி ஷாமினியைப் பார்த்தார். அவளிடம்தான் பேசினார். யாரிடம் சொன்னால் காரியம் நடக்கும் என்று படித்த மனிதருக்குத் தெரியாதா?

வீட்டுக்கு வந்ததும் தீர்ப்பு.

"ரெண்டுல ஒண்ணுங்க. தெனம் விடியக்காலையில எங்க அண்ணனோட பத்துமலை படி ஏறணும். இல்லாட்டி நீச்சல்."

அவள் அண்ணன் விஜயன் படி ஏறி, சாமி கும்பிட்டு, இறங்கி, ஏதோ மறந்துவிட்டவர்போல் மறுபடியும் ஏறுகிற ரகம்.

"நீச்சல்!" என்றேன்.

"நீந்தத் தெரியுமா உங்களுக்கு?"

"தெரியுமாவா? மீன் மா நான், மீன்!"

மீனாம். குளியலறை வாளி விளிம்பு வரை நிறைந்திருந்தால்கூட நான் ஒரு அடி தள்ளி நின்றுதான் மொண்டு ஊற்றிக்கொள்வேன். தண்ணீர் என்றால் எனக்கு அவ்வளவு பயம்.

அப்போதுதான் எனக்குப் பழக்கமான அன்சார் ஆபத்பாந்தவனாக வந்தான். ஷா ஆலமில் சாப்பாட்டுக்கடை வைத்திருப்பவன். சனிக்கிழமைகளில் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு நீச்சல் குளத்தில் ஹாக்கி ஆடுவான். குளத்தில் என்றால் அடியில். சொன்னால் நம்புவீர்களா? மூச்சை அடக்கிக்கொண்டு தரைவரை போய், அங்கே கிடக்கும் கனமான வட்டு ஒன்றைக் கையளவு கட்டையால் தள்ளிக்கொண்டு போகவேண்டும். அந்த வட்டுக்குப் பெயர் பக். ஆண், பெண் எல்லாரும் சேர்ந்து ஆடுவது. கழுத்திலிருந்து கணுக்கால் வரை கறுப்பு உடுப்பு, முகத்தில் மாஸ்க், வாயில் மூச்சுக்குழாய், காலில் வாத்துக்கால் செருப்பு, தலையில் நம்பர் போட்ட தொப்பி. பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது.

"எங்களுக்கு கோச் இல்லண்ணே. நீங்கதான் நல்லா பேசுவீங்களே, வாங்க லா," என்றான்.

"காதுல கோளாறுப்பா. டாக்டர் தண்ணில எறங்கவே கூடாதுன்னுட்டாரு."

"கோச் எதுக்கு எறங்கணும்? நாற்காலி போட்டுத் தர்றேன்."

போட்டும் தந்தான். மரியாதைக்குக் கறுப்பு உடுப்பும் ஏழாம் நம்பர் தொப்பி ஒன்றும் தந்தான். அதன் பிறகு என் சனிக்கிழமைகள் சொர்க்கம். கரையில் நாற்காலி. பயிற்சி முடிந்ததும் அன்சார் கடையில் பரோட்டா மாதிரி ரொட்டி சானாய், சர்க்கரை தூக்கலாகத் தே தாரேக் என்கிற டீ. குளத்தை விட்டுக் கிளம்புமுன் கறுப்பு உடுப்பை மாட்டிக்கொண்டு ஷவருக்கடியில் ஒரு நிமிஷம். சொட்டச் சொட்ட அதைப் பையில் திணித்துக்கொண்டு போய் நிற்பேன்.

"இன்னிக்கு எப்படிங்க?"

"ரெண்டு கோல் மா. தோள்தான் வலிக்குது."

பாவி, தைலம் வேறு தேய்த்துவிடுவாள். நான் குப்புறப் படுத்துக்கொண்டு முனகுவேன். இப்போது நினைத்தாலும் காது சிவக்கிறது.

இதில் ஒரே குறை, எங்கள் அணி தோற்றுக்கொண்டே இருந்தது. நான் கரையில் நின்று தொண்டை கிழியக் கத்துவேன். தண்ணீருக்கடியில் இருப்பவனுக்கு என்ன கேட்கும்? வீட்டிலும் நான் சொல்வது யாருக்கும் கேட்பதில்லை என்பதால் முதலில் வித்தியாசமே தெரியவில்லை.

ஒருநாள் ரொட்டிக்குக் காத்திருக்கும் நேரத்தில் கைப்பேசியில் ஒரு கட்டுரை படித்தேன். நீருக்கடியில் ஆடுகிறவனுக்கு அங்கே போய் யாரும் சொல்லித்தர முடியாது. அவனே ஆராய்ந்து யோசிக்கவேண்டும். அதற்குத் தனியாகப் பயிற்சி கொடுத்தால் ஆட்டமே மாறிவிடுமாம். கிரிட்டிக்கல் திங்கிங்! உடனே என் மூளையில் மூன்று கேள்விகள் உதித்தன. ஏன்? எப்படித் தெரியும்? வேற மாதிரியும் இருக்கலாமா? எதை எடுத்தாலும் இந்த மூன்றையும் கேள், யோசனை தானாக வரும். ஆகா!

அணிக்குச் சொல்லுமுன் ஒத்திகை வேண்டுமே. வீட்டில் யார் இருக்கிறார்கள்? ஷாமினி நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலத்தைத் தட்டில் பிரித்து உட்கார்ந்திருந்தாள். எனக்கு ஓட்ஸ்.

"ஷாமினி, உனக்கு யோசிக்கக் கத்துத் தரப்போறேன்."

"தாங்க."

"இந்தத் தட்டுதான் குளம். நெத்திலி நம்ம ஆளு. கடலை எதிராளி. இந்த வெள்ளரித் துண்டுதான் பக். பக் எங்க போகுதோ அங்க நம்ம ஆளுங்க மொத்தப் பேரும் பாயணும்."

"ஏன்?"

"ஏன்னா பக் அங்கதான இருக்கு!"

"மொத்தப் பேரும் ஒண்ணா முங்கினா மொத்தப் பேருக்கும் ஒண்ணாத்தான மூச்சு முட்டும்? எல்லாரும் மேல போயிட்டா கீழ யாரு?"

தட்டைப் பார்த்தேன். வெள்ளரி தனியாகக் கிடந்தது.

"ஒருத்தி மட்டும் கூட்டத்துல சேராம மேலயே மெதந்துக்கிட்டு இருந்தா? எதிராளிக்கு மூச்சு தீர்ற நேரமாப் பாத்து இவ புது மூச்சோட எறங்கினா?"

"உனக்கு இந்த ஆட்டமெல்லாம் புரியாது மா."

"சரிங்க. எதிராளிய வாயில போடாதீங்க, உங்களுக்குக் கடலை ஆகாது."

அடுத்த சனிக்கிழமை குளக்கரையில் மூன்று கேள்விகளையும் சொல்லிக்கொடுத்து, ஷாமினியின் யோசனையையும் என் சொந்தச் சரக்காக அவிழ்த்துவிட்டேன். "மூளை லா கோச் உங்களுக்கு!" என்றான் அன்சார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். இதைச் சொல்லும்போது உங்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அன்றிலிருந்து வாராவாரம் அவள் தட்டில் கேட்ட கேள்வி கரையில் என் பாடமானது. எங்கள் அணி ஜெயிக்கத் தொடங்கியது.

ஷாமினி அந்த மூன்று கேள்விகளையும் நன்றாகவே பிடித்துக்கொண்டாள். பாசாரில் மீன்காரரிடம், "இது இன்னிக்கு மீன்னு எப்படித் தெரியும்?" என்று ஆரம்பித்தாள். அவர் என்னைத் தனியே அழைத்து, "பாஸ், அடுத்த வாரம் நீங்க மட்டும் வாங்க," என்றார்.

நான்தான் எதையும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை வேலை முடிந்து அவள் கோயில் பஜனைக்குப் போய்விட்டு ஈரத்தலையோடு வருவாள். தலை முழுகியிருப்பாள் என்று விட்டுவிட்டேன். கோயிலில் எங்கே முழுகுவார்கள்? போகப்போக, துவைத்து வந்த என் கறுப்பு உடுப்பில் குளோரின் வாசனை அடித்தது. குளத்தில் இறங்காத உடுப்பில்! எடுத்து முகர்ந்து பார்த்து மகிழ்ந்துபோனேன். சொல்லச் சொல்லப் பொய்கூட உண்மையாகிவிடும்போல என்று நினைத்தேனே தவிர, ஏன் என்று கேட்கவில்லை.

பிறகு ஒருநாள் இடி விழுந்தது.

"ஞாயித்துக்கிழமை செமினி ஊர் அணியோட மேட்ச்சாமே. நான் வர்றேங்க, நீங்க ஆடறதப் பாக்க."

ஓட்ஸ் கிண்ணத்தைத் தள்ளிவைத்தேன். தெரிந்தால் தினமும் பத்துமலை. ரொட்டி சானாய்க்கு முழுக்கு. அதைவிட, தைலம் தேய்த்த கை. அவள் முகத்தில் இனி எப்படி விழிப்பேன்?

அன்சாரிடம் ஓடினேன். காலில் விழாத குறையாக எல்லாவற்றையும் சொன்னேன்.

"கோச், அப்ப காது?"

"நல்லாத்தான் இருக்கு. இப்ப அதுவா முக்கியம்? என் ஏழாம் நம்பர் தொப்பிய யாருக்காவது மாட்டி எறக்கி விடு. மேலேர்ந்து பாத்தா முதுகும் குழாயும்தான தெரியும்? மேட்ச் முடிஞ்சதும் அந்த ஆளு குளியலறைக்கு வந்து தொப்பியக் குடுக்கட்டும். நான் போட்டுக்கிட்டு வெளிய வர்றேன்."

அன்சார் தொப்பியை வாங்கிக்கொண்டான். "ஆளு இருக்கு கோச். நீங்க கவலைப்படாதீங்க லா."

ஞாயிற்றுக்கிழமை. ஷாமினி மஞ்சள் பஞ்சாபி உடையில், கறுப்புக்கண்ணாடியோடு என்னுடன் வந்தாள். அவளைப் பார்வையாளர் பக்கம் அனுப்பிவிட்டுக் குளியலறைக்குள் பதுங்கினேன். தண்ணீரில் இறங்குகிறவனுக்கு மூக்குக்கண்ணாடி எதற்கு என்று அதையும் வீட்டிலேயே விட்டிருந்தேன். அன்சார் புண்ணியத்தில் ஒரு நாசி லெமாக் பொட்டலம் துணைக்கு இருந்தது. கதவிடுக்கில் எட்டிப் பார்த்தேன். அக்கரையில் மங்கலாக மஞ்சள். கையை ஆட்டியது. அப்பாடா!

ஆட்டம் தொடங்கியது. என் தொப்பி போட்ட ஆள் இருக்கிறதே, அடடா! மற்றவர்கள் முங்கி முங்கி மோதிக்கொள்ள, ஏழாம் நம்பர் மட்டும் மேலே அமைதியாக மிதந்தது. எதிராளிகள் மூச்சுத் திணறி ஒவ்வொருவராக மேலே வரும் நேரம் பார்த்து, வாத்துக்கால் இரண்டும் வானத்தைப் பார்க்க, சரக்கென்று இறங்கியது. மணி அடித்தது. கோல்! கூட்டம் "ஏழு! ஏழு!" என்று கத்தியது. நான் நெத்திலியை மென்றுகொண்டே கண்கலங்கினேன். என்னமாய் ஆடுகிறேன்!

கடைசி மணியும் அடித்தது. ஜெயித்துவிட்டோம். அவசரமாக ஷவரில் நனைந்து, கறுப்பு உடுப்பில் காத்திருந்தேன். ஏழாம் நம்பர் வரவில்லை. அதற்குள் ஒலிபெருக்கி கூப்பிட்டது: "சிறந்த ஆட்டக்காரர், ஏழாம் நம்பர்! மேடைக்கு வரவும்!"

என்ன செய்ய? தொப்பி இல்லாவிட்டால் போகிறது என்று இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, மூச்சிரைப்பதுபோல் மூச்சிரைத்துக்கொண்டு ஓடினேன்.

எனக்கு முன்னால் மேடையில் ஒரு ஆள் நின்றது. மாஸ்க்கைக் கழற்றியது. குழாயைத் துப்பியது. தொப்பியை இழுத்தது. நீளமாக ஒரு பின்னல் விழுந்தது.

"என்னங்க," என்றாள் ஷாமினி. "எங்கேர்ந்து ஓடி வர்றீங்க?"

"நான்... தண்ணியிலதான் மா..."

"எப்படித் தெரியும்? கண்ணு செவக்கல. மொகத்துல மாஸ்க் தடம் இல்ல. வேற மாதிரியும் இருக்கலாமா?" கிட்டே வந்து என் வாயைக் கூர்ந்து பார்த்தாள். "நம்ம ஆளு ஒருத்தன் உங்க பல்லு இடுக்குல மாட்டிக்கிட்டு இருக்கானே."

நாக்கால் தடவினேன். நெத்திலி. அக்கரையிலிருந்து மஞ்சள் உடை ஓடி வந்து கறுப்புக்கண்ணாடியைக் கழற்றி, "அத்தான்!" என்று கூவியது. ஷாமினியின் தங்கை வாணி.

"அன்சார், காட்டிக் குடுத்துட்டியேடா!"

"நீங்க சொல்லிக் குடுத்ததுதான் கோச். சனிக்கெழம ஒரு யோசனை பிரமாதமா சொல்றீங்க, விளக்கம் கேட்டா உளர்றீங்க. ஏன்? எப்படித் தெரியும்? எல்லாரும் கூடி யோசிச்சு, வீட்டுல யாரோ சொல்லித் தர்றாங்கன்னு அக்காவுக்கு போன் போட்டோம். அப்பறம்தான் அக்காவோட வெள்ளிக்கெழமப் பயிற்சி ஆரம்பிச்சது."

"பஜனைன்னியே மா?"

"தோள் வலின்னீங்களே," என்றாள்.

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை.

"நான் போர்ட் கிள்ளான்ல பொறந்தவங்க. கடல்ல நீந்தி வளந்தவ. நமக்குக் கல்யாணமாகி இத்தன வருஷத்துல உனக்கு நீந்தத் தெரியுமான்னு ஒரு நாள் கேட்டிருக்கீங்களா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். எனக்குத்தான் தலை நிமிரவில்லை. ஊருக்கெல்லாம் மூன்று கேள்வி சொல்லிக்கொடுத்தவன், பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவளிடம் ஒன்றைக்கூடக் கேட்டதில்லை. நிஜமாகவே வெட்கமாக இருந்தது. அந்த நேரத்தில் எனக்குத் தண்ணீர்ப் பயம்கூடப் போய்விட்டது. குளத்தில் குதித்து அடியிலேயே இருந்துவிடலாமா என்றிருந்தது.

"மன்னிச்சுக்க மா. ரெண்டுல ஒண்ணுன்னியே, நாளைலேர்ந்து படியே ஏறிடறேன்."

"ஏன்? வேற மாதிரியும் இருக்கலாமே. ரெண்டும்."

இப்போது விடியற்காலையில் மச்சானோடு பத்துமலை. சனிக்கிழமைகளில் ஷா ஆலமில் குழந்தைகள் குளம். இடுப்பளவுத் தண்ணீரில் பாலர் பள்ளிப் பிள்ளைகளுக்கு நடுவே கம்பியைப் பிடித்துக்கொண்டு காலை உதைக்கிறேன். கரையில் என் பழைய நாற்காலியில் உட்கார்ந்து புதிய கோச் ஷாமினி கத்துகிறாள். தலையை முக்கினால் ஒன்றும் கேட்காது என்று எனக்கும் தெரியும். முக்கத்தான் பயம். காதோ, அன்சாரிடம் ஒப்புக்கொண்ட மாதிரி, கோளாறே இல்லாமல் ரொம்ப நன்றாகக் கேட்கிறது.