மாமாவின் மீசை நலமறிய ஆவல்

மதிப்பும் மரியாதையும் அடர்ந்த மீசையும் உடைய மாமா அவர்களுக்கு,

உங்கள் அக்கா மகள் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். அங்கே நீங்கள், அத்தை, கடையில் பிரித்துப் போட்டிருக்கும் தண்ணீர் மோட்டார்கள் அனைவரும் நலமா? எல்லாவற்றுக்கும் மேலாகத் தங்கள் மீசை நலமறிய மிகவும் ஆவல். போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். போனை எடுத்தால் மூன்று முறை "ஹலோ" சொல்லிவிட்டு, "ஒண்ணுமே கேக்கல, வெச்சுடறேன்" என்று வைத்துவிடுகிறீர்கள். பக்கத்தில் ஓடும் மோட்டாரை நிறுத்தினால் கேட்கும், மாமா. ஐந்து மாதமாக நானும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன், அதுவும் உங்களுக்குக் கேட்கவில்லை.

ஒரு செமஸ்டர் வெளிநாட்டில் படிக்க எனக்கு இடம் கிடைத்த அன்று நம் வீட்டில் நடந்ததை நான் மறக்கவில்லை. அப்பா கடிதத்தைப் படித்துவிட்டு மடித்து வைத்தார். "வீட்டுக்கு வந்தவங்கள வாங்கன்னு சொல்லவே இவளுக்கு அரை மணி நேரம் ஆகும். ஊமைக்கோட்டான். அங்க போய் வழி தவறினாகூட வாயைத் திறந்து கேக்க மாட்டா. வேண்டாம்" என்றார். அவர் சொன்னதில் ஒரு எழுத்துப் பொய்யில்லை. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் வழக்கம்போல வாயைத் திறக்கவில்லை. அப்போது கையெல்லாம் கிரீஸோடு உள்ளே வந்த நீங்கள், "மச்சான், என் மருமக ஒரு அரியர் இல்லாம பாஸ் பண்ணி, சொன்ன தேதியில வந்து இறங்குவா. ஒரு நாள் தள்ளினாலும் இந்த மீசையை எடுத்துடறேன்!" என்று அதே கையால் மீசையை முறுக்கினீர்கள். அப்பா அசந்துபோனார். கல்யாணத்துக்கு முன்பே அத்தை எடுக்கச் சொல்லியும் எடுக்காத மீசை அல்லவா! உடனே எழுந்து போய்க் காலண்டரில் நான் திரும்பும் தேதியைச் சுற்றி வட்டம் போட்டார். உங்கள் முகத்தையும் ஒருமுறை நன்றாகப் பார்த்துக்கொண்டார்.

முதல் வகுப்பிலேயே மீசைக்கு ஆபத்து வந்துவிட்டது, மாமா. பாடம், நகரக் குடிநீர்க் குழாய்கள். அறையில் முப்பது பேர், ஒருவன் எதிர் நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு ரொட்டி தின்கிறான், ஒருத்தி காப்பி குடிக்கிறாள். பேராசிரியை சைக்கிளில் வந்தவர் போல, ஹெல்மெட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, மழைக்கோட்டில் நீர் சொட்டச் சொட்ட உள்ளே வந்தார். நான் சடாரென்று எழுந்து நின்றேன். டீச்சர் வந்தால் எழுந்து நிற்பது ஒன்றாம் வகுப்பிலிருந்து வந்த பழக்கம், நம் முழங்காலுக்கு வேறு எதுவும் தெரியாது. திரும்பிப் பார்த்தால் நான் ஒருத்திதான் நிற்கிறேன். அவர் சிரித்தார். (அவர்கள் மொழியில் சொன்னதை நம் பேச்சில் எழுதுகிறேன்.) "அட, நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல, அதுக்குள்ள சந்தேகமா? கேளும்மா" என்றார். முப்பது தலையும் என் பக்கம் திரும்பின. உட்கார்ந்தால் அவமானம், நின்றால் அதைவிட அவமானம். நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. அந்த நேரத்தில் கடையில் நீங்கள் தினமும் குழாயைத் திட்டும் சத்தம்தான் காதில் வந்தது. "எங்க ஊர்ல ரெண்டு நாளைக்கு ஒரு தடவைதான் தண்ணி வரும். வர்றதுக்கு முன்னாடி குழாய் இருமும். அந்தக் காத்து எப்படி உள்ள போகுது? தண்ணி வந்தப்புறம் எங்க போகுது?" என்று கேட்டுவிட்டேன். கேட்டது நான்தானா என்று எனக்கே சந்தேகம்.

பேராசிரியை ஹெல்மெட்டை மேசைமேல் வைத்தார். "இருபது வருஷமா நடத்தறேன், இந்த ரூம்ல யாரும் இதைக் கேட்டதில்ல. ஏன்னா இங்க குழாய் இருமினதே இல்ல" என்றார். அன்று முழு வகுப்பும் நம் தெருக் குழாய்தான். பலகையில் படம் போட்டு, காற்று எங்கே தங்கும், எந்த இடத்தில் குழாய் வெடிக்கும், பக்கத்துச் சாக்கடை எப்படி உள்ளே இழுக்கப்படும் என்று அவர் சொல்லச் சொல்ல, இதையெல்லாம் நீங்கள் சாமி மேல் ஆணையாக எத்தனை முறை கத்தியிருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டேன். வகுப்பு முடிந்ததும் பக்கத்து நாற்காலிக்காரி என் தோளைத் தட்டி, "நீ ரொம்ப தைரியசாலி" என்றாள். எனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தேன்.

பிறகு நடந்ததுதான் கூத்து. அடுத்த வகுப்பில் எழுந்திருக்கவே கூடாது என்று உறுதியாக உட்கார்ந்தேன், அவர் கதவைத் திறந்தார், நான் நின்றுகொண்டிருந்தேன், "இன்னிக்கு என்ன கேள்வி?" என்று ஆசையாகக் கேட்டார், இல்லை என்று சொல்ல வாய் வராமல் ஒரு கேள்வி கேட்டேன். மூன்றாவது வகுப்பில் பையின் வாரை இடுப்பில் சுற்றி நாற்காலிக் காலோடு கட்டினேன், நாற்காலியும் என்னோடு எழுந்தது. நான்காவது நாள் வேண்டுமென்றே தாமதமாகப் போனால், "உனக்காகத்தான் காத்திருக்கோம், கேள்வி எங்க?" என்கிறார். இது வகுப்போடு நின்றதா? சாப்பாட்டுக் கூடத்தில் அவர் வந்தார், தட்டோடு எழுந்தேன், இடம் கொடுக்கிறேன் என்று நினைத்து நன்றி சொல்லி உட்கார்ந்துவிட்டார், நான் தூணில் சாய்ந்து நின்றபடி சாப்பிட்டு முடித்தேன். ஒரு நாள் சைக்கிள் பழுதாகி, நான் உட்கார்ந்திருந்த பேருந்தில் அவர் ஏறினார், எழுந்தேன். அங்கே எழுந்து நின்றால் இறங்கப் போகிறாள் என்று அர்த்தமாம். ஓட்டுநர் வண்டியை நிறுத்தினார், எல்லாரும் வழிவிட்டார்கள், இல்லை என்று எப்படிச் சொல்வது, இறங்கிவிட்டேன். தூறலில் நான்கு நிறுத்தம் நடந்தேன். மறுநாள் அவர், "ஓ, உன் வீடு அங்கதானா, அழகான இடம்" என்றார். ஆமாம் என்றேன்.

வேறு வழியில்லாமல் வகுப்புக்கு முன்தினமே நூலகத்தில் உட்கார்ந்து கேள்வி தயாரிக்க ஆரம்பித்தேன். கேள்வி தயாரிக்கப் பாடம் படிக்க வேண்டியிருந்தது. பாடம் படிக்கப் படிக்க நிஜமாகவே சந்தேகங்கள் வந்தன. எட்டாவது வாரம்தான் பக்கத்து நாற்காலிக்காரி மெல்ல ஒரு விஷயம் சொன்னாள்: இந்தப் பாடத்தில் பாதி மதிப்பெண், வகுப்பில் வாயைத் திறந்து பேசுவதற்காம்! முதல் நாள் நான் ஒழுங்காக உட்கார்ந்திருந்தால் பதினாறு வாரமும் உட்கார்ந்தேதான் இருந்திருப்பேன், அரியரோடு ஊருக்கு வந்திருப்பேன், நீங்கள் வாசலில் சவரக் கத்தியோடு நின்றிருப்பீர்கள்.

கடைசியில் வாய்மொழித் தேர்வு. பேராசிரியையும் வேறு இரண்டு பேரும் வந்தார்கள், எழுந்து நின்றேன், பழக்கதோஷத்தில் பேராசிரியை "கேள்வி எங்க?" என்றார், மற்ற இருவரும் என் கேள்விக்காகக் காத்திருந்தார்கள். கேட்டேன். பதில் சொல்ல ஆரம்பித்த முதல் ஆளை இரண்டாவது ஆள் மறுக்க, இரண்டு பேரையும் பேராசிரியை மறுக்க, அரை மணி நேரம் முடிந்துவிட்டது. நேற்று முடிவு வந்தது. எல்லாப் பாடத்திலும் பாஸ், மாமா! குழாய்ப் பாடத்தில் வகுப்பிலேயே முதல்.

மாமா, விளையாட்டாக எழுதிக்கொண்டே வந்துவிட்டேன். இதை மட்டும் நேராகச் சொல்கிறேன். என்னை நம்பி யாரும் ஒரு குடையைக்கூட அடகு வைக்க மாட்டார்கள், நீங்கள் மீசையை வைத்தீர்கள். இந்த ஊரில் ஒவ்வொரு முறை நாக்கு ஒட்டிக்கொண்டபோதும் அந்தக் கிரீஸ் மீசைதான் கண்முன் வந்தது. விடுமுறைக்கெல்லாம் கடையில் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துக்கொண்டு உங்கள் திட்டைக் கேட்டதுதான் இங்கே எனக்குச் சோறு போட்டது. பேராசிரியையிடமும் உங்களைப் பற்றிச் சொன்னேன். "அவரைப் பார்க்கணுமே" என்றார். நீங்கள் வந்தால் நான் முதலில் எழுந்து நிற்பேன்.

இன்னும் மூன்று வாரத்தில், காலண்டரில் அப்பா வட்டம் போட்ட அதே தேதியில், வந்து இறங்குகிறேன். மீசையைத் தைரியமாக முறுக்கிக்கொள்ளுங்கள். எழுந்து நிற்கும் வியாதியும் முழுசாகக் குணமாகிவிட்டது. போன வாரம் பேராசிரியை வந்தபோது உட்கார்ந்தபடியே கையசைத்தேன். அத்தைக்கு என் அன்பு. அம்மாவை அழாமல் இருக்கச் சொல்லுங்கள். அப்பாவுக்கு என் நமஸ்காரம், அவருக்கு மட்டும் நின்றபடி.

என்றும் தங்கள் நன்றி மறவாத,
முன்னாள் ஊமைக்கோட்டான்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் வழியனுப்பு விழாவுக்குப் போய்விட்டு வந்தேன். நான் பழச்சாறு வாங்கப் போயிருந்த சமயத்தில் அயல்நாட்டு மாணவர் பிரிவுத் தலைவர், "இன்னொரு செமஸ்டர் இங்கயே இருந்து படிச்சு, புதுசா வர்றவங்களுக்கு உதவ யாருக்கு விருப்பம்? எழுந்து நில்லுங்க" என்று கேட்டிருக்கிறார். நான் வந்து உட்கார்ந்தேன். அதே நிமிடம் பேராசிரியை ஹெல்மெட்டோடு உள்ளே வந்தார். எழுந்து நின்றேன். கூடமே கைதட்டியது. பக்கத்து நாற்காலிக்காரி காதில் விஷயத்தைச் சொன்னாள். என் முழியைப் பார்த்துத் தலைவரே, "தெரியாம எழுந்துட்டீங்களாம்மா? பரவாயில்ல, உட்காருங்க" என்று இரண்டு முறை சொன்னார்.

அப்பாவிடம் நீங்கள்தான் பக்குவமாகச் சொல்ல வேண்டும். மீசை சீக்கிரம் வளர்ந்துவிடும். நான் உட்காரவில்லை, மாமா.