ஒன்பதாவது மாடி நீர்ச் சீர்திருத்தம்

மனித நாகரிகம் ஆற்றங்கரைகளில் தோன்றியது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுக்கிறார்கள். இருக்கட்டும். அது முழுமை பெற்ற இடம் சிங்கப்பூரின் புக்கிட் மேராவில், எங்கள் அடுக்குமாடி புளோக்கின் ஒன்பதாவது மாடியில், என் வீட்டில் துணி காயப்போடும் மூலை. அங்கேதான் ஆள் உயரத்துக்கு நீர்ச் சுத்திகரிப்பு இயந்திரம் நிற்கிறது. பக்கத்தில் அதன் தம்பி, நீரை மென்மையாக்கும் இயந்திரம். இரண்டும் வந்த பிறகு துணி காயப்போட இடம் இல்லை. நாகரிகம் வளரும்போது நாலு ஈரத் துணி சோபாவில் கிடக்கத்தான் செய்யும்.

என் பெயர் நெய்னா முகம்மது. கப்பல் கம்பெனி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். இப்போது 'புளோக் நீர்த்தர மேம்பாட்டுக் குழு'வின் தலைவர். செயலாளரும் நானே. பொறுப்பைப் பகிர்ந்துகொள்ள யாரும் முன்வரவில்லை என்று சிலர் சொல்வார்கள். சுத்தப் பொய். நான் யாரையும் கேட்கவே இல்லை.

இந்தச் சீர்திருத்தத்துக்கு வித்திட்டவர் ராஜீவ். முப்பது வயதுக்குள் இருப்பார். அவர் அட்டையில் 'நீர் ஆலோசகர்' என்று போட்டிருந்தது. அலுவலகம் சிராங்கூன் சாலையில், ஒரு நகைக்கடைக்கு மேலே. வீட்டுக்குள் வந்ததும் அவர் குழாயைப் பார்க்கவில்லை, என் தலையைப் பார்த்தார்.

"அங்கிள், முடி எப்பலேர்ந்து கொட்டுது?"

"கல்யாணத்துலேர்ந்து."

"தண்ணி லா. கன்ஃபர்ம் தண்ணி. முழு வீட்டுக்கும் ஃபில்டர் போடணும், சாஃப்ட் பண்ணணும்."

நாகூரில் என் வாப்பாவுக்கும் இதே வயதில் இதே வழுக்கை. அப்படியென்றால் அந்தக் காலத்து நாகூர்த் தண்ணீரும் சரியில்லை என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது. ராஜீவின் தலையிலும் முடி சொற்பம்தான். பல வீட்டுத் தண்ணீரில் கை நனைக்கிற தொழில், பாவம்.

பிறகு அவர் ஒரு சின்ன பாட்டிலை என் மனைவி ஜைனப்பிடம் நீட்டினார். "ஆன்ட்டி, நீங்க டெய்லி குடிக்கிற தண்ணி இதுல கொஞ்சம் குடுங்க. லேபுக்கு அனுப்பணும்." அவள் அடுப்படிக்குப் போய் நிரப்பிக்கொண்டு வந்தாள். நான் கூடப் போகவில்லை. எங்கள் வீட்டில் தண்ணீர் அவள் துறை, தண்ணீரைப் பற்றிய கொள்கை என் துறை.

ஜைனப்பைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அவள் வீட்டிலிருந்தே பிரியாணி சமைத்து விற்கிறாள். எங்கள் புளோக்கில் அதைச் சாப்பிடாத ஆள் கிடையாது. அந்தச் சமயம் அவளுக்கு அதுவரை வராத பெரிய ஆர்டர் வந்திருந்தது. பக்கத்து வீட்டுப் பாக்கியலட்சுமியின் மகள் கவிப்ரியாவுக்கு இருபத்தோராவது பிறந்தநாள், எண்பது பேருக்கு விருந்து. இது நல்லபடியாக முடிந்தால் தேக்கா சந்தைப் பக்கம் சின்னதாக ஒரு கடை எடுக்கலாம் என்று அவளுக்கு ஓர் ஆசை. பல வருட ஆசை அது. பேச்சுவாக்கில் ஏழெட்டுத் தடவை என்னிடம் சொல்லியிருக்கிறாள். குழு வேலையில் நான் சரியாகக் காதில் வாங்கவில்லை.

லேப் அறிக்கை வந்தது. நிறம்: மஞ்சள். மணம்: உண்டு. செம்பு: இருக்க வேண்டியதைவிட அதிகம். கூடவே 'அடையாளம் காணப்படாத தாவரப் பொருள்'. ராஜீவ் அதைத் தாழ்ந்த குரலில், மய்யித்து கிடக்கும் இழவு வீட்டில் பேசுவதுபோல வாசித்தார்.

"உங்க பைப்பு உள்ளுக்குள்ளயே கரையுது அங்கிள்."

"தாவரப் பொருள்?"

"பாசியா இருக்கும். இல்ல, வேர். எங்கேயோ ஒரு மரம் பைப்புக்குள்ள வந்திருக்கு."

ஒன்பதாவது மாடிக்கு ஒரு மரம் வேர் விடுவதென்றால் அது சாதாரண மரமாக இருக்க முடியாது. ஆபத்தின் அளவு எனக்குப் புரிந்துவிட்டது. அன்று மாலையே குழுவை அமைத்தேன். பொது வாழ்க்கையில் ஒளிவுமறைவு கூடாது என்பதால், அறிக்கையை அப்படியே புளோக் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். தலைப்பு: 'என் வீட்டுத் தண்ணீர்: ஓர் அதிர்ச்சித் தகவல்'.

தகவல் வேலை செய்தது. எட்டுக் குடும்பங்கள் இயந்திரம் வாங்கக் கையெழுத்துப் போட்டன. அந்த வாரத்துப் பிரியாணி ஆர்டர்களையும் புளோக்கில் ஒவ்வொருவராக வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பாக்கியலட்சுமி நேரில் வந்து வாசலிலேயே நின்றாள்.

"தப்பா எடுத்துக்காதீங்கக்கா. எண்பது பேரு வர்றாங்க. மஞ்சத் தண்ணின்னு வெளியில தெரிஞ்சா…"

பாக்கியலட்சுமி போன பிறகு ஜைனப் என்னைப் பார்த்து, "உங்க தண்ணிய நல்லாக்குறேன்னு என் அடுப்ப அணைச்சிட்டீங்க" என்றாள்.

"இயந்திரம் வரட்டும். எல்லாம் சரியாகும்" என்றேன். தலைவர் என்றால் நம்பிக்கை ஊட்ட வேண்டும்.

இயந்திரங்கள் வந்தன. மென்மை வந்தது. குளித்தால் சோப்பு உடம்பை விட்டுப் போக மாட்டேன் என்று அடம்பிடிக்கும் அளவுக்கு மென்மை. அரை மணி நேரம் கழுவியும் வழுக்கல் போகாமல், துண்டால் வழித்துக்கொண்டு வெளியே வந்தேன். மென்மையாக்கும் இயந்திரம் உப்பு தின்னும், மூட்டை மூட்டையாக. டாக்டர் எனக்கு நிறுத்திய உப்பையெல்லாம் அது எனக்காகச் சாப்பிடுகிறது என்று நினைக்கும்போது நெகிழ்ச்சியாக இருக்கிறது.

முறைப்படி மறு பரிசோதனை. ராஜீவ் வேறொரு பாட்டில் கொடுத்தார், ஜைனப் நிரப்பிக் கொடுத்தாள். இரண்டாம் அறிக்கையில் மஞ்சள் இன்னும் கூடியிருந்தது. மணமும் கூடியிருந்தது. எட்டுக் குடும்பத்தாரும் எனக்கு ஃபோன் செய்தார்கள். அவர்கள் பேசிய தமிழைக் கூட்டக் குறிப்பில் சேர்க்க இயலாது.

மறுநாள் ராஜீவ் வியர்த்துப்போய் வந்தார். "ஆன்ட்டி, இந்தத் தடவ நீங்க எடுக்கிறத நான் பாக்கணும்."

மூவரும் அடுப்படிக்குப் போனோம். ஜைனப் பாட்டிலை வாங்கினாள். குழாயைத் தாண்டிப் போனாள். மூலையில் இருந்த செப்புப் பானையைத் திறந்து, கரண்டியால் மொண்டு ஊற்றினாள்.

ராஜீவ் பானைக்குள் எட்டிப் பார்த்தார். "ஆன்ட்டி… இது என்ன?"

"குடிக்கிற தண்ணி. சீரகம் போட்டுக் காய்ச்சி, ராவெல்லாம் செம்புல ஊத்தி வச்சது. போன தடவ இவருக்கு வாயுத் தொல்லை, அதான் ஒரு கை கூடப் போட்டேன்."

"நான் டேப் தண்ணி லா கேட்டேன்."

"டெய்லி குடிக்கிற தண்ணின்னுதான் கேட்டீங்க தம்பி. வீட்டுக்கு வந்தவங்களுக்கு வெறும் பைப்புத் தண்ணியவா குடுப்பாங்க?"

எனக்கும் அது செய்திதான். இத்தனை வருடமாக நான் அந்த மணத்தைச் சிங்கப்பூர்த் தண்ணீரின் மணம் என்றே நினைத்திருந்தேன். வெளியூர்க்காரர்களிடம் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன்.

குழாயில் பிடித்த தண்ணீர் லேபில் ஒரு குறையும் இல்லாமல் தேறியது. ராஜீவ் என்னைத் தனியே அழைத்து, "அங்கிள், மொதல் நாளே டேப்புல புடிச்சிருந்தா அப்பவும் பாஸ்தான் ஆயிருக்கும்" என்று முணுமுணுத்தார். அது வெறும் அனுமானம் என்று தீர்ப்பளித்து அவரைத் தேற்றினேன். எட்டுக் குடும்பங்களின் நம்பிக்கையைக் காப்பது தலைவரின் கடமை. வாட்ஸ்அப்பில் அறிக்கை விட்டேன்: 'முந்தைய மாதிரிகள் இல்லத்தரசி தரப்பில் ஏற்பட்ட கவனக்குறைவால், சமையலறைப் பானை ஒன்றிலிருந்து எடுக்கப்பட்டவை. இயந்திரம் குற்றமற்றது.'

ஜைனப் அதைத் தன் ஃபோனில் இரண்டு முறை படித்தாள்.

"கவனக்குறைவா?"

"அது ஆபீஸ் பாஷை. கண்டுக்காதே."

அறிக்கை பலன் தந்தது. பாக்கியலட்சுமி, தண்ணீரைக் குடித்துப் பார்த்துவிட்டு ஆர்டரை உறுதி செய்வதாகச் சொல்லியனுப்பினாள். சனிக்கிழமை என் வீட்டில் பாராட்டுக் கூட்டம். எட்டுக் குடும்பங்களும் வந்தன. இயந்திரத்துக்குப் பொன்னாடை போர்த்தினேன். அதற்குக் கழுத்து இல்லாததால் இடுப்பில் கட்ட வேண்டியதாயிற்று. 'தூய்மையின் தூண்' என்ற பட்டமும் வழங்கினேன். ராஜீவ் கண் கலங்கினார், கமிஷன் பெறுகிறவருக்கும் இதயம் உண்டு.

ஜைனப் எல்லோருக்கும் தட்டில் டம்ளர்களை அடுக்கித் தண்ணீர் கொண்டுவந்தாள். பாக்கியலட்சுமி ஒரு மடக்குக் குடித்தாள். நிறுத்தினாள். மீதியை ஒரே மூச்சில் குடித்தாள்.

"என்னா ருசி லா. நெஞ்சுக்குள்ள அப்படியே குளுகுளுன்னு எறங்குது. மெஷினுன்னா இதுதாண்ணே மெஷின். அக்கா, ஆர்டர் ஓகே."

எல்லோரும் கை தட்டினார்கள். நான் பணிவோடு தலை குனிந்தேன். அந்த நேரம் பார்த்து ஜைனப் வாயைத் திறந்தாள்.

"இது மெஷின் தண்ணி இல்ல பாக்கியம். பானைத் தண்ணி."

நான் கண்ணைக் காட்டினேன். ஆர்டர் கைக்கு வந்துவிட்டது, தேக்கா கடையும் வந்தமாதிரிதான். பேசாமல் இருந்தால் என்ன குறைந்துவிடும்? அவளோ என் கண்ணைப் பார்க்கவே இல்லை. பாக்கியலட்சுமி கையிலிருந்த காலி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நிலைமையைச் சமாளிக்கும் பொறுப்பு வழக்கம்போலத் தலைவரிடமே வந்து சேர்ந்தது.

"தோழர்களே, பானைக்குள் இருக்கும் தண்ணீர் எங்கிருந்து வந்தது? இயந்திரத்தின் வழியாக வந்தது. ஆகவே ருசியும் இயந்திரத்தையே சாரும்" என்றேன். ராஜீவ் தனியாகக் கை தட்டினார்.

"சரிங்க" என்றாள் ஜைனப். "ரெண்டாவது ரிப்போர்ட்டுக்கு எடுத்த தண்ணியும் அதே மெஷின் வழியாத்தான் அதே பானைக்கு வந்துச்சு. அழுக்குன்னதும் பானை என்னுது, கவனக்குறைவும் என்னுது. ருசின்னதும் பானை மெஷினோடதா?"

முதலில் சிரித்தது பாக்கியலட்சுமிதான். சிரிப்பு அடங்கியதும், "அக்கா, எண்பது பேருக்குத் தண்ணியும் உங்க பானையிலேர்ந்தே வரணும்" என்றாள். எழுந்து போய் இயந்திரத்தின் இடுப்பிலிருந்த பொன்னாடையை அவிழ்த்து ஜைனப்பின் தோளில் போட்டாள். எட்டுக் குடும்பங்களும் கை தட்டின. இந்த முறை சத்தம் கொஞ்சம் அதிகம்.

கூட்டக் குறிப்பை நான்தான் எழுதினேன். இயந்திரம் பாராட்டப்பட்டது என்றும், தண்ணீர் ருசியாக இருந்தது என்றும், கூட்டம் கரவொலியோடு இனிதே நிறைவுற்றது என்றும் எழுதியிருக்கிறேன். எல்லாமே உண்மை. ஜைனப்பின் பெயர் மட்டும் அதில் இல்லை. நல்லது நடந்த கூட்டங்களில் அவள் பெயரை எழுதி எனக்குப் பழக்கமில்லை.