வேல்மாறன் துப்பாக்கியில் முள் இல்லாதது குறித்து

வேப்பந்தட்டை
14.3.1999

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களின் சமூகத்திற்கு, ஆயுதப்படையில் முப்பத்தோரு வருடம் துப்பாக்கிப் பயிற்சி கொடுத்து ஓய்வுபெற்ற பூமாலை பணிவுடன் எழுதிக்கொள்வது. தாங்களும் அச்சகத்தாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் நலமாக இல்லை.

வியாழக்கிழமை வந்த இதழில், விண்வெளித் தொடர்கதையின் நாயகன் வேல்மாறனைக் கொன்றுவிட்டீர்கள். எழுத்து பொடியாக இருப்பதால் என் மனைவி அம்சவள்ளி வாசிக்க நான் கேட்பது வழக்கம். படங்களை மட்டும் நானே பார்த்துக்கொள்வேன். "செத்துட்டாருங்க" என்றாள். திரும்பப் படிக்கச் சொன்னேன். திரும்பவும் செத்தார்.

ஐயா, போன மாதம் நான் எழுதியது என்ன? வேல்மாறனின் ஒளித்துப்பாக்கியில் குறி பார்க்கும் முள்ளே இல்லை, குழல் முனை மொட்டையாக இருக்கிறது, அதை இடுப்பில் வைத்து ஓடிக்கொண்டே நாற்பது பேரைச் சுடுகிறாரே, எந்த நூற்றாண்டானாலும் பின்பள்ளத்துக்கு நடுவில் முன்முள்ளை நிறுத்தி, இடது கண்ணை மூடி, மூச்சைப் பிடித்து, அப்புறம் அல்லவா விசையைத் தொட வேண்டும் என்று எழுதினேன். அதைத் தாங்கள் பெயர், ஊருடன் அச்சிட்டதும் பஸ் ஸ்டாண்டில் நாலு பேர் கை கொடுத்தார்கள். ஆனால் கதாசிரியர் செய்ததைப் பாருங்கள்! எதிரி பத்தடி தூரத்தில் வரும்போது வேல்மாறனை நிற்க வைத்து, முள்ளை நிறுத்த வைத்து, கண்ணை மூட வைத்து, மூச்சைப் பிடிக்க வைத்து, அதற்குள் எதிரி அவரைச் சாம்பலாக்கிவிட்டான். இதில் இன்னொரு கொடுமை, படத்தில் இந்த வாரமும் முள் இல்லை. இல்லாத முள்ளில் குறி பார்த்தால் மனிதன் சாகாமல் என்ன செய்வார்?

ஊரில் தலைகாட்ட முடியவில்லை. ரெட்டிபாளையம் சிமெண்ட் ஆலையில் இருக்கும் என் மைத்துனன் உத்திராபதி, ஷிப்ட் முடிந்து பஸ் மாறி மாறி வந்து, "ஏன் மாமா, அவரு பாட்டுக்கு நல்லாத்தானே சுட்டுக்கிட்டு இருந்தாரு? அநியாயமா ஒரு மனுசனக் கொன்னுப்புட்டீங்களே!" என்று கண் கலங்கினான். சர்வீஸில் என் துப்பாக்கியால் ஒரு காக்கைகூடச் செத்ததில்லை ஐயா. ஓய்வுபெற்ற பிறகு ஒரு தபால் கார்டால் ஆளைக் கொன்ற பாவம் வந்து சேர்ந்திருக்கிறது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆகவே வேல்மாறனை உடனே எழுப்பித் தர வேண்டுகிறேன். எழுந்ததும் முதல் வேலையாகத் துப்பாக்கிக்கு ஒரு முள் வைத்துக் கொடுங்கள். தங்கள் குடும்பத்தாருக்கும், படம் வரைபவருக்கும், கோபம் இருந்தாலும் கதாசிரியருக்கும் என் வணக்கங்கள்.

இப்படிக்கு,
க. பூமாலை

பி.கு.: ஐயா, தபாலில் போடச் சொல்லி என்னிடம் கொடுத்தார், ஒட்டுவதற்கு முன் அம்சவள்ளி எழுதுகிறேன். முதல் வாரத்திலிருந்து எல்லாப் படத்திலும் முள் இருக்கிறது, ஒரு நெல் நீளத்துக்கு. சொன்னேன். "முப்பத்தோரு வருசம் முள்ளப் பாத்தவனுக்கு நீ சொல்லித் தர்றியா?" என்றார். இரண்டு கண்ணிலும் புரை என்று டாக்டர் சொல்லி இரண்டு வருடம் ஆகிறது. ஆபரேஷன் என்றாலே நடுங்குகிறார். நேற்று பஸ் என்று நினைத்து, வேகமாக வந்த லாரிக்குக் குறுக்கே போய்க் கை காட்டினார். எனக்கு உயிரே போய்விட்டது. நான் சொன்னால் கேட்க மாட்டார், வேல்மாறன் சொன்னால் கேட்பார். அவரைப் பிழைக்க வையுங்கள். பிழைத்ததும் அவருக்கும் ஒரு கண் ஆபரேஷன் வைத்து, "ஒன்றும் வலிக்கவில்லை" என்று அவர் வாயால் ஒரு வரி சொல்ல வையுங்கள். பெரம்பலூரில் கண் முகாம் அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி. அதற்கு முந்தைய இதழிலேயே வந்துவிட்டால் நல்லது.