காட்டுக்கருணைக்கு ஒரு காவலர்

இலை மஞ்சளாகிக்கொண்டிருந்தது. கூடவே ஸ்ரீகண்டன் கனவு கண்டுகொண்டிருந்த டீம் லீடர் பதவியும்.

மேலாளர் பத்ரிநாத் நவம்பர் கடைசியில் மகளைப் பார்க்க அமெரிக்கா கிளம்பும்போது, இருபது பேர் இருக்கும் ஆபீசில் அவனைத் தேடி வந்துதான் அந்தத் தொட்டியைக் கொடுத்தார். குடகிலிருந்து வந்த காட்டுக்கருணை. மண்ணுக்குள் ஒரு கிழங்கு. மேலே ஒரே தண்டு, குடைபோல் விரிந்த ஒரே இலை.

"இதுக்கு நீங்க ஒண்ணும்..." என்று ஆரம்பித்தார்.

"ஒண்ணும் கவலப்படாதீங்க சார்" என்று ஸ்ரீகண்டன் முடித்துவைத்தான். ஏழு வருடமாகத் தன் திறமையை யாரும் கவனிக்கவில்லையே என்ற வருத்தம் அன்றோடு தீர்ந்தது. பக்கத்து மேஜை தாரணி சிரித்தாள். பொறாமை என்று எடுத்துக்கொண்டான்.

பெங்களூர் ஈஜிபுராவில் இருந்த அவன் வீட்டில் தொட்டிக்கு ராஜமரியாதை. இலை மஞ்சளானதும் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினான். தண்டு சாய்ந்தது. யூரியா போட்டான். படுத்தேவிட்டது. ஒட்டடைக் கம்பை ஊன்றி, நூல் கட்டி நிமிர்த்தப் பார்த்தான். தண்டு கையோடு வந்துவிட்டது.

"ரெண்டு வருஷமா பாத்ரூம் குழாய் ஒழுகுது. அதுக்கு ஒரு வாஷர் மாத்த ஆளில்ல" என்றாள் மனைவி சௌம்யா.

"குழாய் ப்ரமோஷன் குடுக்குமா?"

பிப்ரவரியில், சார் திரும்பும் வாரம், நர்சரி நர்சரியாக அலைந்தான். மழைக்காலத்தில் வரச் சொல்லி எல்லோரும் கையை விரித்தார்கள். ஏன் மழைக்காலம் என்று கேட்க அவனுக்கு ஏது நேரம்? சிக்பேட்டையில் அச்சு அசலாக ஒரு பிளாஸ்டிக் இலை கிடைத்தது. நட்டான்.

மேஜையில் தொட்டியை வைத்ததும் ஆபீசே கூடிவிட்டது. பத்ரிநாத் பச்சை இலையைப் பார்த்தார். காலண்டரைப் பார்த்தார். இலையை ஒரு சுண்டு சுண்டினார். பிறகு மண்ணுக்குள் விரலை விட்டார். வந்தது கிழங்கு அல்ல, கூழ்.

"தினம் ரெண்டு வேளை தண்ணி சார். ஒரு நாள் தவறல."

பத்ரிநாத் விரலைத் துடைத்தபடி தாரணியைத் திரும்பிப் பார்த்தார்.

"சாரி சார்" என்றாள் தாரணி. "மழை வர்ற வரைக்கும் மண்ணுக்குள்ள தூங்குற செடி, தொடவே கூடாது, மூணு மாசம் எதுவும் செய்யாம இருக்கிற ஆளா ஒருத்தரச் சொல்லுன்னீங்க. ஏழு வருஷமா பாக்குறேனேன்னு நம்பித்தான் இவர் பேரச் சொன்னேன்."