சம்பந்தி அளந்த செருப்பு

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு, வணக்கம்.

இங்கு நானும் என் மனைவியும் நலம், என் இரண்டு கால் கட்டைவிரல்கள் நீங்கலாக. அங்கு தாங்களும் சம்பந்தி அம்மாளும் மாப்பிள்ளையும் எங்கள் பெண்ணும் எல்லா விரல்களுடனும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதையெல்லாம் போனில் சொல்லலாம்தான். ஆனால் உங்கள் குரலைக் கேட்டால் நான் "எல்லாம் பிரமாதம்" என்று சொல்லிவிடுவேன். கல்யாணப் பேச்சு தொடங்கிய நாளிலிருந்து உங்களிடம் எனக்குத் தடங்கலில்லாமல் வருகிற ஒரே வாக்கியம் அதுதான். ஆகவே கடிதம்.

விஷயம், தாங்கள் அன்போடு அனுப்பிவைத்த மலையேற்ற பூட்ஸ். சம்பந்திக்கு எழுதும் கடிதத்தில் செருப்பு, பூட்ஸ் என்றெல்லாம் எழுதுவது மரியாதையா என்று என் மனைவி கேட்கிறாள். மரியாதை இல்லைதான், என்ன செய்வது. பெட்டி வந்தது, பிரித்தேன். பழுப்பு நிறம், மஞ்சள் கயிறு, கணுக்காலுக்கு மேல் ஏறுகிற உயரம், கையில் எடுத்தால் நல்ல கனம். அதற்குள் நீங்களே போன் செய்து, "எப்படி இருக்கு சம்பந்தி, கால்ல சரியா உக்காந்துச்சா?" என்று கேட்டீர்கள். அப்போது என் இடது கால் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக இருந்தது. "அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கு" என்றேன். "அப்ப சரி, வர்ற மாசம் முதல் ஞாயித்துக்கிழமை மலைக்குப் போறோம், அதுக்குள்ள போட்டு நடந்து பழக்கிடுங்க" என்றீர்கள். சரி என்றேன். போனை வைத்த பிறகு நானும் என் மனைவியுமாகச் சேர்ந்து இழுத்ததில் கால் வெளியே வந்தது.

என் காலளவு உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று உட்கார்ந்து யோசித்தேன். போன மாதம் நீங்கள் வந்துவிட்டுக் கிளம்பும்போது, வாசலில் குனிந்து அங்கே கிடந்த ஒரு செருப்பைச் சாண் வைத்து அளந்துகொண்டிருந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பார்க்காதது மாதிரி இருந்துவிட்டேன். சம்பந்தி எதை அளந்தாலும் பார்க்காதது மாதிரி இருப்பது நல்லது. அன்றைக்கு எங்கள் வீட்டில் ஃபேன் ரிப்பேர் செய்ய எலக்ட்ரீஷியன் வந்திருந்தார். ஒல்லியான, சின்ன உருவம். அவர் செருப்பும் பழுப்பு, என் செருப்பும் பழுப்பு. எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்தேன். நீங்கள் அளந்தது எலக்ட்ரீஷியன் செருப்பை! முப்பது வருஷம் எடையளவு ஆய்வாளராக இருந்து, கடை கடையாக ஏறி, தராசுக்கும் எடைக்கல்லுக்கும் முத்திரை போட்டவன் நான். அளவு எங்கே தப்பியது என்று கண்டுபிடிக்க எனக்கு அதிக நேரம் ஆகாது.

அப்போதே உங்களிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. காரணத்தை ஒளிக்காமல் எழுதுகிறேன். ஓய்வு பெற்ற பிறகு என்னை "வாங்க, எங்கயாவது போலாம்" என்று கூப்பிட்ட ஒரே ஆள் நீங்கள்தான். வேலையில் இருந்தபோதும் யாரும் கூப்பிட்டதில்லை. நான் தெருவில் திரும்பினாலே கடைக்காரர்கள் ஷட்டரை இறக்குவார்கள். பூட்ஸ் சின்னது என்று சொன்னால் நீங்கள் சங்கடப்படுவீர்கள், சங்கடப்பட்டால் மலைப் பேச்சே நின்றுபோகும், பழையபடி நாம் இருவரும் சோபாவின் இரண்டு மூலையில் உட்கார்ந்து வெயிலைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசிக்கொண்டிருப்போம். எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை வேண்டும்.

ஆகவே அதே மாதிரி பூட்ஸை ஒரு அளவு பெரிதாக ரகசியமாக நானே வாங்கிவிடுவது என்று கடைக்குப் போனேன். அங்கே விற்கிற பெண் விவரமானவர். "காலைல வாங்காதீங்க சார், சாயங்காலம் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், அப்ப வந்து போட்டுப் பாருங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார். சாயங்காலம் போனேன். தடித்த சாக்ஸ் ஒன்றைக் கொடுத்து மாட்டச் சொல்லி, தரையில் ஒரு அளவுப் பலகையை வைத்து ஏறி நிற்கச் சொன்னார். நின்றேன். "எட்டு" என்றார். நீங்கள் அனுப்பிய பெட்டியிலும் எட்டு என்றுதான் போட்டிருக்கிறது. எட்டில் என் கால் நுழையாது என்பது எனக்கு வலித்துத் தெரிந்த விஷயம். "இந்தப் பலகைக்கு முத்திரை இருக்காம்மா?" என்று கேட்டேன். "என்ன முத்திரை?" என்றார். திருப்பிப் பார்த்தேன், இல்லை. முத்திரையில்லாத அளவை நான் ஒப்புக்கொள்வதற்கில்லை என்று நிதானமாக விளக்கினேன். கடை முதலாளி எழுந்து வந்து, ஷட்டரை ஒரு தடவை ஏக்கமாகப் பார்த்தார். "எதுக்கும் ஒரு தடவை எட்டு போட்டுப் பாருங்களேன் சார்" என்றார் அந்தப் பெண். "அந்த அனுபவம் போதும்மா, ஒன்பது எடு" என்றேன்.

மரத்தில் ஒரு சின்னச் சரிவு செய்து வைத்திருக்கிறார்கள், அதில் ஏறி இறங்கிப் பார்க்க வேண்டுமாம். ஏறும்போது உள்ளே குதிகால் தூக்கக் கூடாது, இறங்கும்போது விரல் முன்னால் போய் இடிக்கக் கூடாது. ஏறினேன், தூக்கியது. இறங்கினேன், இடித்தது. "ரெண்டுமே தப்பா வருது சார், இது உங்களுக்குப் பெருசு" என்றார். "இன்னொரு சாக்ஸ் குடும்மா" என்றேன். இரண்டு சாக்ஸோடு ஏறி, இறங்கி, மறுபடி ஏறினேன். கடைக்கு வந்த ஒரு குழந்தை சறுக்கி விளையாட எனக்குப் பின்னால் வரிசையில் நின்றது. அதற்கு வழிவிடுவதற்காகவே வாங்கிவிட்டேன் என்றும் சொல்லலாம். ஒரே குறை, இந்த அளவில் மஞ்சள் கயிறு இல்லை, சிவப்புதான்.

அன்றிலிருந்து பழக்கிக்கொண்டிருக்கிறேன். கயிறு கட்டி முடித்துக் கதவைத் திறப்பதற்குள் காலிங்பெல் அடித்தவர் போய்விடுகிறார். மாடிப்படி ஏறி இறங்கினால் கீழ்வீட்டுக்காரர் முக்கியமான சாமான்களோடு வெளியே வந்து நிற்கிறார். தண்ணீர் புகாது என்று பெட்டியில் போட்டிருந்ததைச் சோதிக்க, பாத்ரூமில் ஒரு காலை பக்கெட்டுக்குள் விட்டு நின்றேன். தண்ணீர் புகவில்லை, மேல்வழியாக வந்ததை நான் கணக்கில் சேர்க்கவில்லை. அந்த நேரம் பார்த்து என் மனைவி கதவைத் திறந்தாள். "இத்தனை வருஷம் ஊரைச் சோதிச்சீங்க, இப்ப என்னைச் சோதிக்கிறீங்க" என்று சொல்லிவிட்டுச் சாத்திக்கொண்டு போனாள்.

உங்கள் பூட்ஸ் பீரோ மேல் இருந்து என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது. யார் காலுக்கு அளந்ததோ அவருக்கே போகட்டும் என்று, நேற்று சுவிட்ச் மாற்ற வந்த எலக்ட்ரீஷியனிடம் கொடுத்துவிட்டேன். "எனக்கு எதுக்கு சார் இது? நான் ஏறுறது ஏணியில" என்றார். "உங்க அளவுதான், வச்சுக்குங்க" என்றேன். "என் அளவு உங்களுக்கு எப்படி சார் தெரியும்?" என்று கேட்டு, என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டே போனார். அவர் தலை மறைந்ததும் என் மனைவி ஆரம்பித்தாள். "ஏங்க, சம்பந்தி அனுப்புனது மஞ்சக் கயிறு. நீங்க செவப்புக் கயிறோட போய் நின்னா அவருக்குத் தெரியாதா? ஆசையா குடுத்ததை எவருக்கோ தூக்கிக் குடுத்துட்டாருன்னு நினைக்க மாட்டாரா?" நினைப்பீர்கள். நான் செய்ததும் அதைத்தான். எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

தவறு உங்களுடையது அல்ல. அளவெடுப்பதில் அனுபவம் இல்லாதவர்களுக்கு இப்படி நேர்வது சகஜம். தயவுசெய்து மனதில் வைத்துக்கொள்ளாமல் ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு போங்கள். உச்சி வரை முடியாவிட்டாலும் பாதி வரை வருவேன். மீதிக்கு அங்கேயே உட்கார்ந்து, நீங்கள் இறங்கி வருகிற வரை காத்திருப்பேன்.

சம்பந்தி அம்மாளுக்கு எங்கள் வணக்கம். மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் எங்கள் ஆசிகள்; இருவரும் எங்கே நடந்தாலும் கால் வலிக்காமல் நடக்கட்டும்.

இப்படிக்கு,
இரண்டு சாக்ஸுடன்,
தங்கள் சம்பந்தி.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகிற நேரத்தில் எலக்ட்ரீஷியன் பூட்ஸோடு வந்து நின்றார். "சார், இது எனக்கு ரொம்பப் பெருசு. அப்புறம், உள்ள இது இருந்துச்சு" என்று, இறுக்கிக் கசக்கிய இரண்டு காகித உருண்டைகளை என் கையில் வைத்தார். பூட்ஸின் மூக்கு நசுங்காமல் இருக்கக் கம்பெனியில் திணித்து அனுப்புவார்களாம். விரலுக்குக் கல் படாமல் இருக்க ஏதோ ஏற்பாடு என்று நான் நினைத்திருந்தேன். அவர் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு போட்டுப் பார்த்தேன். மாடிப்படி ஏறினேன், குதிகால் தூக்கவில்லை. இறங்கினேன், விரல் இடிக்கவில்லை. நீங்கள் அளந்தது என் செருப்பைத்தான். கடைப் பலகை சொன்னதும் சரிதான். உங்கள் சாணுக்கு நானே முத்திரை போட்டுத் தருகிறேன். வேறு கடிதம் எழுதத் தெம்பில்லை. மேலே எழுதியவற்றைத் தாங்கள் படிக்காமல் விட்டுவிடவும். ஞாயிற்றுக்கிழமை மஞ்சள் கயிற்றோடு வருகிறேன், உச்சி வரைக்கும். இங்கே சிவப்புக் கயிறு, ஒன்பதாம் நம்பர், ஒரு ஜோடி சும்மா கிடக்கிறது. தாங்கள் என்னைவிடக் கொஞ்சம் உயரம். அடுத்த தடவை வரும்போது செருப்பை வாசலில் தனியாக விட்டுவிட்டு உள்ளே வாருங்கள். ஜன்னல் பக்கம் மட்டும் பார்க்க வேண்டாம்.